கட்டியின் மரபணுப் பரிசோதனை: மட்டக்களப்பில் மாதிரி கொடுத்தால் காசுக்குப் பலன் உண்டா?

சூலகப் புற்றுநோய்க்கும் கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய்க்கும் கட்டியின் மரபணுவைப் பார்த்து வைத்தியத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமும் வந்துவிட்டது. இங்கே நடப்பது மாதிரி வாங்குவது மட்டும்தான். தனியார் ஆய்வுகூடத்தின் சேகரிப்பு நிலையம் இரத்தத்தையோ கட்டியின் இழையத்தை மெழுகில் பதித்த புளொக்கையோ வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும். பெரிய பரிசோதனை என்றால் பெரும்பாலும் அங்கிருந்து இந்தியாவுக்குப் போகும். இந்தச் சேவைக்கு 5க்கு 3 கொடுக்கலாம். மெஷினும் ரிப்போட்டும் 4½ பெறும், மாதிரி வாங்கும் கவுன்டர் 1½ தாண்டாது.

கவுன்டருக்கு ஏன் அவ்வளவு குறைவு என்றால், ஃபோமைப் பாருங்கள். புளொக்கில் கட்டிக் கலங்கள் எத்தனை வீதம், இழையத்தைப் பதப்படுத்தும் ஃபோர்மலின் திரவத்தில் அது எத்தனை மணித்தியாலம் கிடந்தது, கடைசிக் கீமோ எப்போது என்று கேட்கும் கட்டங்கள் அதில் இருக்கும். பெயர், வயது, போன் நம்பர், கட்டிய காசு எல்லாவற்றையும் வடிவாக நிரப்பிவிட்டு இந்த மூன்றையும் வெறுமையாக விட்டு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. வாரக்கணக்கில் காத்திருந்து "மாதிரி போதாது" என்ற ஒற்றை வரி வந்தால், பிழையின் வேர் கொழும்பிலோ இந்தியாவிலோ இல்லை, சத்திரசிகிச்சை நடந்த அன்றைக்கே விழுந்திருக்கும்.

வெட்டி எடுத்த இழையம் ஒரு மணித்தியாலத்துக்குள் 10% பஃபர் ஃபோர்மலினில் இறங்க வேண்டும். ஃபோர்மலின் இழையத்தின் அளவைப்போல் 10 மடங்காவது வேண்டும், கிடக்கும் நேரம் 6 முதல் 72 மணித்தியாலம். ஃபோர்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் உள்ளே போகும். கருப்பையைத் திறக்காமல் முழுசாகப் போத்தலில் போட்டால் வெளிச்சுவர் விறைத்துவிடும், கட்டி இருக்கும் உட்சுவரோ அதற்குள் அழுகத் தொடங்கிவிடும். அதனால் நோயியல் பிரிவின் முறைப்படி கருப்பையை நெடுக்காகப் பிளந்து வைக்க வேண்டும். மறுபக்கம், நீண்ட விடுமுறைக்கு முன் எடுத்த இழையம் போயா கழியும்வரை அதே போத்தலில் கிடந்தால் 72 மணித்தியாலம் தாண்டிவிடும். டி.என்.ஏ. துண்டுதுண்டாக உடையும், சைற்றோசின் இருந்த இடம் தைமினாக வாசிக்கப்படும், இல்லாத மரபணு விகாரமெல்லாம் ரிப்போட்டில் முளைக்கும்.

தனியார் வைத்தியசாலைகளில் போத்தலை உறவினர் கையில் கொடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது இங்கே சாதாரணம். வாய் அகன்ற போத்தல்தான் வேண்டும். ஒடுங்கிய வாய்க்குள் திணித்த இழையம் விறைத்த பிறகு வெளியே வராது. வழியில் ஒழுகிவிட்டதே என்று தண்ணீர் ஊற்றி நிரப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அந்த ஒரு காரியம் போதும், மரபணு மட்டுமல்ல, சாதாரண பயொப்சியே கெட்டுப்போகும்.

எந்த புளொக்கைக் கொடுப்பது என்பதை நோயியல் நிபுணர்தான் தெரிவு செய்ய வேண்டும். கட்டிக் கலங்கள் குறைந்தது 20% உள்ள புளொக் தேவை. சூலகப் புற்றுநோயில் கீமோ கொடுத்துவிட்டுச் சத்திரசிகிச்சை செய்தால், வெட்டி எடுத்ததில் தழும்பும் சதையுமே மிஞ்சியிருக்கலாம். அப்படியானால் கீமோவுக்கு முன் எடுத்த பயொப்சி புளொக்கைத் தேடி எடுப்பதுதான் புத்தி. புளொக் தர ஏலாது என்றால் 5 மைக்ரோன் தடிப்பில் சாயம் போடாத சிலைட் 10 அளவில் வெட்டித் தரச்சொல்லிக் கேட்கலாம்.

கொண்டுபோவதிலும் கவனம் வேண்டும். நம்மூர் வெயிலில் கண்ணாடி மூடிய வானின் முன்தட்டில் வைத்த புளொக் இளகிப்போகும். நிழலான பெட்டி போதும், ஐஸ் தேவையில்லை. இரத்தத்துக்கு ஊதா மூடி ஈ.டி.ரி.ஏ. குழாய். எடுத்த கையோடு மெதுவாக 8 முதல் 10 தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். 2 முதல் 8 பாகை குளிரில் போகலாம், ஃபிறீசரில் வைக்கக்கூடாது. அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் ஃபோமில் எழுதச் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி, எதற்குக் காசு கட்டுவது? கவுன்டரில் நூற்றுக்கணக்கான மரபணு பார்க்கும் பெரிய பனலைத்தான் முதலில் நீட்டுவார்கள். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு அது எடுத்தவுடன் தேவையில்லை. 2013இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகை ஆய்வு இந்த நோயை மரபணு அடிப்படையில் நான்கு கூட்டமாகப் பிரித்தது. அந்தப் பிரிவு ஃபிகோ என்ற சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் கூட்டமைப்பு 2023இல் வெளியிட்ட நோய் நிலைப்படுத்தலுக்குள்ளும் வந்துவிட்டது. நடைமுறையில் கட்டி வளராமல் தடுக்கும் பி53 புரதத்துக்கும், எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற டி.என்.ஏ. பிழை திருத்தும் நான்கு புரதங்களுக்கும் 'இம்யூனோ' எனப்படும் சாயப் பரிசோதனை போதும். டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்க உதவும் பி.ஓ.எல்.ஈ. மரபணு ஒன்றுக்குத்தான் டி.என்.ஏ. எழுத்து வரிசையை வாசிக்க வேண்டும். அதில் நோய்தரும் விகாரம் இருந்து நோயும் ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், நுணுக்குக்காட்டியில் பயங்கரமாகத் தெரியும் கட்டிகூட நல்ல போக்குடையது. கதிர்ச் சிகிச்சையோ கீமோவோ இல்லாமலே விடலாமா என்று வைத்திய நிபுணர் யோசிக்க இடம் கிடைக்கும். பொத்துவிலிலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு அது சின்ன விசயமல்ல. பி53 கோளாறென்றால் கதை நேர்மாறு, வைத்தியத்தைக் கூட்ட வேண்டிவரும்.

சூலகத்துக்கு ஒழுங்கு வேறு. முதலில் இரத்தத்தில் பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்ற மரபணுக்களைப் பாருங்கள், இவற்றில் விகாரம் இருந்தால் மார்பு, சூலகப் புற்றுநோய் ஆபத்துக் கூடும். புளொக்கைப் போல் கெடாது, செலவும் குறைவு. இரத்தத்தில் இல்லையென்றால்தான் கட்டியில் தேட வேண்டும். இந்த விகாரமுள்ள கட்டிக்குக் கொடுக்கும் ஒலபரிப் போன்ற மாத்திரை கிடைக்க வழியிருக்கிறதா என்று முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். வழியில்லாத இடத்தில் டி.என்.ஏ. உடைவைத் திருத்தும் திறன் கட்டியில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்.ஆர்.டி. பரிசோதனை வெறும் கடதாசிதான். இரத்தப் பரிசோதனை அப்படியல்ல. பரம்பரையாக வந்த விகாரமென்றால் சகோதரிக்கும் மகளுக்கும் அது இருக்க 50% வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ. 1 உள்ளவர்கள் பிள்ளைப்பேறு முடிந்து 35 - 40 வயதில் சூலகத்தையும் பலோப்பியன் குழாயையும் எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இந்தச் சேவையில் காசைக் கொட்டாதீர்கள். சுகவனிதையர் கிளினிக்கில் நடக்கும் பரிசோதனையும் அந்த நோயைத் தரும் எச்.பி.வி. வைரசுக்கான தடுப்பூசியும் அதற்குச் செய்யும் வேலையை எந்தப் பனலும் செய்யாது.

ரிப்போட்டின் தரம் நல்லது. எந்த இடத்தில் விகாரம், எத்தனை தடவை வாசித்தது, எந்த வகை என்று தெளிவாகப் போடுகிறார்கள். சிக்கல் ஒப்படைக்கும் விதத்தில். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக உள்ளதை உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், தமிழில் விளக்க ஆளில்லை. "முக்கியத்துவம் நிச்சயமற்ற மாற்றம்" என்று ஒரு வகை வரும். அதைப் பார்த்து யாரும் சூலகத்தை வெட்டத் தேவையில்லை, குடும்பத்தைப் பரிசோதிக்கவும் தேவையில்லை. அதேபோல் கட்டியில் மட்டும் கண்ட பி.ஆர்.சி.ஏ. விகாரத்தை இரத்தத்தில் உறுதிப்படுத்தாமல் பரம்பரை நோய் என்று வீட்டில் சொல்லக்கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்த அவசரம் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

காசு கட்ட முன் இரண்டை எழுத்தில் வாங்குங்கள். மாதிரி போதாமல் போனால் பணம் திரும்புமா, இல்லை மறுபடி இலவசமாகச் செய்வார்களா என்பது ஒன்று. மிச்ச புளொக் எப்போது திரும்பி வரும் என்பது மற்றது. புளொக் வைத்தியசாலையின் நோயியல் பிரிவுக்குத் திரும்ப வேண்டியது. நோய் மறுபடி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் முதலில் தேடுவார்கள்.