50 மி.மீ. லென்ஸும் கொழும்பும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

கமராவோடு வந்த 18-55 லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு பல வருடங்களாகக் கொழும்பில் படம் எடுத்து வருகிறேன். (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்.) இதில் சூம் கிடையாது. சிறிய சென்சர் கொண்ட ஏபிஎஸ்-சி கமராவில் இதன் பார்வை, பெரிய சென்சர் கொண்ட முழுச்சட்டக் கமராவில் 75-80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் குறுகிவிடும். என் படங்களுக்கு உயிர் வந்ததே இந்தக் குறுகலால்தான்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலை எல்லோரும் எதிரே நின்று, அண்ணாந்து, முழுவதும் அடங்கும்படி எடுப்பார்கள். இந்த லென்ஸில் அது அடங்கவே அடங்காது. பின்னால் நகரத் தெருவில் இடமும் இல்லை. எதை விடுவது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். சிவப்பு வெள்ளைக் கோடுகளில் ஒரு துண்டை மட்டும் சட்டத்துக்குள் வைத்துக்கொண்டு காத்து நிற்பேன். மூட்டை சுமந்த நாட்டாமி ஒருவர் குனிந்தபடி கடக்கும்போது, அந்தக் கோடுகளின் முன்னே அவருடைய வளைந்த முதுகு எடுப்பாகத் தெரியும். முழுக் கட்டடப் படத்தில் அவர் வெறும் புள்ளி. முகம் தெரிய எடுப்பதானால், "அண்ணா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டுவிடுவேன். வேண்டாம் என்றால் எடுப்பதில்லை.

மாலையில் செட்டியார் தெரு நகைக்கடை வெளிச்சத்தில் இதன் அருமை புரியும். 55 மி.மீ.இல் எஃப் 5.6ஐவிட அகலமாகத் திறக்காத பழைய லென்ஸைவிட, இது ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது. ஃப்ளாஷ் தேவையே இல்லை. ஆனால் பகலிலும் எஃப் 1.8இலேயே எடுத்துப் பின்னணியை முழுவதும் மங்கலாக்குவது எனக்குப் பிடிக்காது. கடைப்பலகையும் கைவண்டியும் கரைந்துபோனால் அது கொழும்பாகவே இருக்காது. எஃப் 4 போதும்.

குறைகளும் உண்டு. வீட்டு விசேஷங்களில் குழுப்படம் எடுக்கச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். காலிமுகத்திடலின் உப்புக்காற்று முன்கண்ணாடியில் படிந்துவிடும். வீடு திரும்பியதும் துடைத்தே ஆக வேண்டும். இங்குள்ள ஈரப்பதத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில்தான் வைக்கிறேன்.

வீட்டுக்குள் பிள்ளைகளைப் படம் எடுக்கத்தான் லென்ஸ் தேடுகிறீர்கள் என்றால், இதைவிட அகலமாகக் காட்டும் 35 மி.மீ. வாங்குங்கள். தெருவுக்கு 50ஐத்தான் சொல்வேன்.