பெயர்ப் பலகை இல்லாத துணிக்கடையும் என் தலையணை உறைகளும்

சேலம் முதல் அக்கிரகாரத்திலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் தராசு இருந்தால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். மிஞ்சிய வெட்டுத் துணிகளை மூட்டை மூட்டையாக இறக்கி, எடை போட்டு விற்கிறார்கள். பருத்தித் துணி கிலோ 320 ரூபாய். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, மூன்று வருடங்களாகத் தலையணை உறைத் துணிக்கு இங்கேதான் வருகிறேன். ஆகவே இந்தக் கடையைப் புகழவும் திட்டவும் எனக்கு உரிமை உண்டு.

எங்கள் வீட்டுத் தலையணைகள் கடையில் வாங்கியவை அல்ல. வாழப்பாடியில் அம்மா வீட்டுக் கொல்லையில் நின்ற இலவ மரத்தின் பஞ்சு. அம்மா தன் கணக்குப்படி அடைத்தவை: 15 அங்குல அகலம், 22 அங்குல நீளம். கடைகளில் கிடைக்கும் உறை பெரும்பாலும் 17-க்கு 27. அதை இதற்குப் போட்டால், அப்பாவின் சட்டைக்குள் பிள்ளை புகுந்த கதைதான். அளவு சரியாக இருந்தாலும் ஜிப் இருக்கிறதே! ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை எங்கள் மலையில் துணி காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த ஈரத்தில் ஜிப் துருப்பிடித்து, வெள்ளை உறையில் பழுப்புக் கோடு இழுத்துவிடும். பொத்தான் வைத்தால் காலையில் கன்னத்தில் பதிந்திருக்கும். இவை எதுவும் இல்லாமல், உள்ளே மடிப்பு வைத்த உறைதான் வேண்டும் என்று நானே தைக்க உட்கார்ந்தேன்.

கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். ஆனால் “எதற்கு?” என்று கேட்காமல் துணியைத் தராசில் வைக்கமாட்டார். முதல் முறை, இலவம் பஞ்சுத் தலையணைக்கு என்றதும் நான் ஆசையாக எடுத்து வைத்திருந்த இளம்பச்சைத் துணியைப் பிடுங்காத குறையாக வாங்கி, டியூப் லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தார். வெளிச்சம் பொடிப் பொடியாக ஒழுகியது. “இதன் வழியாகப் பஞ்சு வந்துவிடும் அக்கா. மேலே வேண்டுமானால் போடுங்கள். உள்ளுறைக்கு இது” என்று நெருக்கமாக நெய்த காடா (வெளுக்காத பருத்தித் துணி) ஒன்றை நீட்டினார். இலவம் பஞ்சு அப்படித்தான். வழவழவென்று, பிடிப்பில்லாமல், சிறு இடைவெளி கிடைத்தாலும் கிளம்பிவிடும். நனைந்தால் கட்டி தட்டும் என்பதால் தலையணையைத் துவைக்கவும் முடியாது, வெயிலில்தான் போட வேண்டும். துவைப்பது எல்லாம் உறையைத்தான். இவ்வளவையும் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இன்னொரு நல்ல பழக்கமும் அவரிடம் இருக்கிறது. சாயத் துணி எடுத்தால், தண்ணீர் பாட்டிலையும் வெள்ளைத் துணித் துண்டையும் தானே எடுத்துக் கொடுப்பார். ஓரத்தை நனைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். ஒரு மெரூன் துணியில் துண்டு வெற்றிலைச் சாறு துப்பியதுபோல் ஆனது. சிரித்துக்கொண்டே அதை மூட்டைக்குள் திருப்பிப் போட்டார்.

ஒன்றரை மீட்டர் காடா சுமார் 200 கிராம் நிற்கிறது, 64 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவு ஊறவைத்துவிடுகிறேன். காலையில் தண்ணீர் வடிகஞ்சி போலக் கலங்கியிருக்கும். நெசவுக்கு முன் பாவு நூலுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, ஏற்றும் கஞ்சி அது. நம் ஊர் மரவள்ளியில் எடுக்கும் ஸ்டார்ச்சும் இந்த வேலைக்குப் போவது உண்டு என்பதால், அந்த வாசனை வரும்போதெல்லாம் எனக்கு ஜவ்வரிசி வடகம் நினைவுக்கு வருகிறது. 59 அங்குல நீளம் இருந்த துணி, காய்ந்த பிறகு ஐம்பத்தாறரைதான் இருந்தது.

என் தலையணைக்கு 17 அங்குல அகலம், 52 அங்குல நீளத்தில் வெட்டுகிறேன்: முன்பக்கம் 22, பின்பக்கம் 22, உள்மடிப்பு 6, இரு முனைகளையும் மடித்தடிக்க 2. 44 அங்குலப் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உறை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் துணியின் ஓரக்கரை வந்துவிடும். அந்தப் பக்கம் நூல் பிரியாது. மறுபக்கத்துக்கு மட்டும் தையல்காரரிடம் ஓவர்லாக் அடித்துக்கொள்கிறேன். என் கால் மிதி இயந்திரத்தில் அது கிடையாது.

மடிப்பதில்தான் நான் ஏமாந்தேன். துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, பின்பக்கத்தை முதலில் முன்பக்கத்தின்மேல் மடிக்க வேண்டும். அதற்கு மேல்தான் 6 அங்குல மடிப்பு வர வேண்டும். பிறகு இரு பக்கமும் தைத்துப் புரட்டினால் மடிப்பு உள்ளே போய் வாயை மூடிக்கொள்ளும். நான் மடிப்பை முதலில் போட்டுவிட்டேன். புரட்டினால், மடிப்பு வெளியே நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. இரண்டு உறையையும் பிரித்துத் தைத்த அன்று இரவுச் சாப்பாடு கடைத் தோசைதான்.

இனி குறைகள். மூட்டையில் 36 அங்குலப் பன்னாவும் 44-உம் கலந்தே கிடக்கும், சொல்லமாட்டார்கள். என் சின்னத் தலையணைக்கு 36 போதும். ஆனால் கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்கு விடும் இரண்டு அறைகளில் 17-க்கு 27 தலையணைகள். அவற்றுக்கு, அவசரத்தில் நனைக்காமலே, 36 அங்குலத் துணியைப் பாதியாக வெட்டித் தைத்துவிட்டேன். முதல் துவையலோடு தலையணை உள்ளே நுழையவே மாட்டேன் என்றது. அந்த நாலு உறையும் இப்போது குடை உறை, கால் துடைக்கும் துணி என்று பல வேலை செய்கின்றன. அதில் பாதி என் தவறு, பாதிதான் கடையின் தவறு.

முழுக்கக் கடையின் தவறு ஒன்று உண்டு. பருத்தி என்று கொடுத்த ஒன்பது துண்டுகளில் இரண்டு செயற்கை இழை கலந்தவை. நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர வேண்டும். இது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. திருப்பிக் கொண்டு போனபோது, “எடை போட்டது போட்டதுதான் அக்கா” என்றுவிட்டார். அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். தலை வியர்க்கும் சேலத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எங்கள் குளிருக்கு அவ்வளவு தெரியவில்லை.

மதியம் ஒன்றரைக்குத் தராசை உள்ளே எடுத்துவிடுவார்கள், நான்கு மணிக்குத்தான் மறுபடி வெளியே வரும். அளவு நாடாவை நீங்களே கொண்டு போங்கள். அவரிடம் இருப்பதில் முதல் மூன்று அங்குலம் தேய்ந்து போயிருக்கிறது. நாலிலிருந்து எண்ணிக் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்.