பெல்ஜியம் ஏல் என்றால் ஒன்பது சதவீதம்தானா?

பெல்ஜியம் பீர் என்றாலே வெளியே அடிபடும் பெயர்கள் டூவெல் (ஆல்கஹால் 8.5%), வெஸ்ட்மால் ட்ரிப்பல் (9.5%) மாதிரி வீரியமான சரக்குகள்தான். நல்ல பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்றால் அவை சரிப்படாது.

ஆண்ட்வெர்ப்பில் என் அன்றாட ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை) டி கோனிங்க். 5.2%, செம்பு நிறம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பில்ஸ் என்ற, குளிரில் நொதிக்கும் வெளிர் பொன்னிற பீரின் படையெடுப்பைச் சமாளிக்க பெல்ஜிய ஆலைகள் கொண்டுவந்த ‘ஸ்பெசியால் பெல்ஜ்’ வகை. (பில்ஸ்தான் கடைசியில் ஜெயித்தது, இங்கே பெரும்பாலானோர் குடிப்பது அதைத்தான்.) முதலில் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) பிஸ்கட் வாசம், பின்னாலேயே லேசான பழவாசம், முடிவில் மட்டான கசப்பு. முதல் தடவை ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். பல வருஷமாகியும் சலிக்காததற்கு அந்த அடக்கமே காரணம். பாட்டிலைவிடக் குழாயில் பிடித்துத் தருவது எவ்வளவோ மேல்.

பெல்ஜியம் ஏல்களில் வரும் கிராம்பு, வாழைப்பழ வாசமெல்லாம் பெரும்பாலும் ஈஸ்டின் வேலை. விதிவிலக்கு கோதுமை பீரான ஹூகார்டன் (4.9%). அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுகிறார்கள். அழிந்துபோன அந்த வகையை 1960களில் மீட்டவர் பியேர் செலிஸ் என்ற பால்காரர். வெயில் காலத்துக்கு அருமை. குளிரில் தொடத் தோன்றாது.

எனக்கு அதிகம் பிடித்தது ஓர்வால், 6.2%. துறவி மடத்துக்குள்ளேயே வடிப்பது. பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்ப்பதால், மூடிய பிறகும் பீர் மாறிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்கினால் ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) வாசமும் கசப்பும் தூக்கல். ஆறு மாதம் போனால் கசப்பு அடங்கி, பதனிட்ட தோலின் வாசமும் இனிப்பே இல்லாத ஒருவித வறட்சியும் ஏறும். ஆகவே அடைத்த தேதியைப் பார்த்துத்தான் எடுப்பேன். கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும், அப்போதும் நுரை பொங்கும். அடியில் ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள், வண்டல் அங்கேதான் இருக்கும். சிலர் அதையும் கலக்கிக் குடிக்கிறார்கள், அவரவர் வயிறு.

சைசோன் டூபோன் (6.5%) மிளகுக் காரமும் வறட்சியுமாக இருக்கும், சாப்பாட்டோடு நன்றாகச் சேரும். ஒரு கடையில் ஜன்னலோரம் வெயிலில் அடுக்கியிருந்த பச்சைப் பாட்டில் சைசோன் ஒன்றை வாங்கினேன், குமட்டும் நாற்றம். பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது, உள் அலமாரியிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

ரோடன்பாக் (5.2%) புளிப்பு ரகம். முக்கால் பங்கு புது பீர், கால் பங்கு ஓக் பீப்பாயில் இரண்டு வருஷம் கிடந்தது. வினிகர் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அது பெரிய விஷயமில்லை. இது ஒன்றைத்தான் நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கிறேன். ஓர்வாலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷமாவது வெளியே வைத்துவிடுவேன்.