மூன்று மடங்கு விலையில் ஒரு கன்ட்ரோலர்: டூயல்சென்ஸ் எட்ஜ்

சென்னை ரிச்சி தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் சிறிய பழுதுபார்ப்புக் கடையில்தான் எனக்கு வீடியோ கேம் கன்ட்ரோலர்களைப் பற்றிய ஞானம் பிறந்தது. அதுவரை நன்றாக உழைத்த என் பழைய வயர்லெஸ் கன்ட்ரோலரில், நான் கையையே வைக்காதபோதும் திரையில் இருக்கும் ஆள் இடப்பக்கமாக மெல்ல நடந்துகொண்டே இருந்தான். விளையாடுபவர்கள் டிரிஃப்ட் என்று சொல்லும் நோய் அது. கடைக்காரர் கன்ட்ரோலரைப் பிரித்து, கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பெட்டியின் மூடியை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். உள்ளே கரிப்பூச்சு பூசிய வளைந்த தடம் ஒன்று இருந்தது. அதன் நடுப்பகுதியில் மட்டும், உலோக நாக்கு உரசி உரசி, யாரோ நகத்தால் கீறியதைப் போல வெளுத்த கோடு விழுந்திருந்தது. "நடுவுலதான் சார் முதல்ல தேயும். ஸ்டிக் போயிட்டுப் போயிட்டு அங்கதானே வந்து நிக்குது" என்றார்.

பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஸ்டிக் எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அளப்பது, பழைய ரேடியோவின் ஒலிக்குமிழில் இருந்த அதே பொட்டென்ஷியோமீட்டர்தான். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் மேல்கீழ் அசைவுக்கு ஒன்றும் பக்கவாட்டு அசைவுக்கு ஒன்றுமாக இரண்டு இருக்கும். உரசித்தான் அளக்க முடியும் என்பதால், தேய்வது அதன் குறைபாடு அல்ல, இயல்பு. ஆயிரங்களைக் கொட்டி வாங்கும் கன்ட்ரோலரிலும் முதலில் சாகப்போவது இந்தச் சிறு துணுக்குதான் என்று தெரிந்துகொண்ட பிறகு, அடுத்த கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்ட முதல் கேள்வியே மாறிவிட்டது. எத்தனை பட்டன், எத்தனை வண்ண விளக்கு என்பதை விட்டுவிட்டு, இது தேய்ந்தால் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தொடங்கினேன்.

இந்தக் கேள்விக்குச் சந்தையில் இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, உரசலே இல்லாமல் காந்தப்புலத்தை வைத்து அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகள். எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவின் பெயரால் வழங்கும் இந்த முறை, சேகாவின் டிரீம்காஸ்ட் கேம் கருவி 1998-இல் ஜப்பானில் வெளியானபோதே அதன் கன்ட்ரோலரில் இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து இப்போது 8பிட்டோ, குலிகிட் போன்ற நிறுவனங்கள் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. கணினியில் மட்டும் விளையாடுபவராக நான் இருந்திருந்தால், இந்தக் கட்டுரை அப்படி ஒரு கன்ட்ரோலரைப் பற்றியதாகவே இருந்திருக்கும். விலையும் பாதிக்குக் குறைவாக முடிந்திருக்கும். ஆனால் என் வீட்டில் இருப்பது சோனியின் கேம் கருவியான பிளேஸ்டேஷன் 5. அதற்கான கேம்களை ஆட சோனியின் உரிமம் பெற்ற கன்ட்ரோலர்தான் வேண்டும். அப்படி உரிமம் பெற்ற பிற நிறுவனங்களின் விலையுயர்ந்த கன்ட்ரோலர்களிலும், பிளேஸ்டேஷன் 5-உடன் வரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரின் நுண்ணிய அதிர்வும், ஆள்காட்டி விரலை எதிர்த்துத் தள்ளும் ட்ரிகர் என்ற விசையும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2019-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் எலீட் சீரிஸ் 2 கன்ட்ரோலர், நான்கு பின்பக்கத் துடுப்பு பட்டன்களும் 40 மணி நேர பேட்டரியும் கொண்ட அருமையான கருவிதான் என்றாலும், பிளேஸ்டேஷன் வீட்டில் அதற்கு வேலையில்லை.

இரண்டாவது விடை, தேய்கிற பகுதியைக் கையாலேயே கழற்றி மாற்றும்படி அமைப்பது. சோனி 2023 ஜனவரி 26 அன்று வெளியிட்ட டூயல்சென்ஸ் எட்ஜ் அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. அறிமுக விலை அமெரிக்காவில் 199.99 டாலர், இந்தியாவில் 18,990 ரூபாய். சாதாரண டூயல்சென்ஸ் இங்கே 5,990 ரூபாய்க்கு அறிமுகமானது என்பதால், அந்த விலைகளின்படி ஒரு எட்ஜின் விலைக்கு மூன்று சாதாரண கன்ட்ரோலர்களை வாங்கிவிட்டு மீதிப் பணத்தில் குடும்பத்தோடு ஒரு வேளை பிரியாணியும் சாப்பிட்டிருக்கலாம். இந்தக் கணக்கை எனக்கு முன்பே என் மனைவி போட்டு முடித்திருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

வாங்கிய முதல் வாரத்திலேயே, தேவை ஏதும் இல்லாமல், ஆர்வத்தின் பேரில் ஒரு ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தேன். கன்ட்ரோலரைக் கவிழ்த்தால் பின்பக்கத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கிறது. அதைத் தள்ளியதும், ஸ்டிக்குகளைச் சுற்றியிருக்கும் கறுப்பு முன்மூடி கையோடு வந்துவிடுகிறது. அதன் அடியில் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் ஒரு சிறிய நெம்புகோல். அதை நிமிர்த்தி, ஸ்டிக்கை மேல்நோக்கி இழுத்தால், இரண்டு பொட்டென்ஷியோமீட்டரும் அழுத்து பட்டனும் சேர்ந்த முழு மாட்யூலும் வெளியே வந்துவிடும். உள்ளே ஒரு சதுரப் பள்ளமும் இணைப்பு முனைகளும் மட்டும் மிஞ்சும். ரிச்சி தெருவில் பத்துக்கும் மேற்பட்ட சால்டரிங் புள்ளிகளை உருக்கி, ஈயத்தை உறிஞ்சி எடுத்து, வியர்த்து முடித்த வேலையை, திருகாணி ஒன்றையும் தொடாமல் என் சாப்பாட்டு மேசையில் ஒரு நிமிடத்துக்குள் செய்ய முடிந்தது. மாற்று மாட்யூல் அமெரிக்காவில் 19.99 டாலருக்குத் தனியாக அறிமுகமானது. ஆனால் உள்ளே இருப்பது அதே பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான். காந்த ஸ்டிக்கையும் போட்டு, கழற்றும் வசதியையும் கொடுத்திருந்தால் இந்த விலைக்கு மறுபேச்சே இருந்திருக்காது. தேயாத பொருளை விற்றுவிட்டால் உதிரி யாருக்கு விற்பது என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

மாட்யூலுக்காக வாங்கிய எனக்கு, அன்றாடப் பயன்பாட்டில் மனத்தில் நின்றது பின்பக்க பட்டன்கள்தான். குதிக்கவோ குனியவோ வலது கட்டைவிரலை, திரையில் பார்வையைத் திருப்பும் ஸ்டிக்கிலிருந்து எடுத்து முன்பக்க பட்டனுக்குக் கொண்டுபோகும் அந்த அரை நொடியில் பார்வை திரும்பாமல் நின்றுவிடும். சுடும் விளையாட்டுகளில் ஆள் விழுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். எட்ஜின் அடியில், நடுவிரல்கள் இயல்பாக வந்து படும் இடத்தில் இரண்டு பட்டன்களைப் பொருத்தலாம். நீண்ட துடுப்பு வடிவில் ஒரு ஜோடியும், அரைக்கோளக் குமிழ் வடிவில் ஒரு ஜோடியும் பெட்டியிலேயே வருகின்றன. நான் இடப்பக்கத்துக்குக் குதிப்பதையும் வலப்பக்கத்துக்குக் குனிவதையும் கொடுத்தேன். முதல் வாரம் நடந்தது கேலிக்கூத்து: இறுக்கமான கட்டம் வந்தால் கை தானாக இறுகும், இறுகினால் துடுப்பு அமுங்கும், ஒளிந்திருக்க வேண்டிய ஆள் எதிரியின் முன்னால் துள்ளிக் குதிப்பான். குமிழ் பட்டன்களுக்கு மாறிய பிறகுதான் அது நின்றது. இப்போது சாதாரண கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால் நடுவிரல்கள் வேலையற்றுத் தவிக்கின்றன. இரண்டு பட்டன்கள் எனக்குப் போதும். நான்கு துடுப்புகளுக்குப் பழகிய எலீட் பயனர்களுக்கு இது குறையாகவே தெரியும்.

ட்ரிகர்கள் எவ்வளவு ஆழம் அமுங்க வேண்டும் என்பதை, பின்பக்கம் இருக்கும் சறுக்குப் பட்டனைக் கொண்டு மூன்று நிலைகளில் அமைத்துக்கொள்ளலாம். சுடும் விளையாட்டுக்கு மிகக் குறைந்த தூரம், கார்ப் பந்தயத்துக்கு முழுத் தூரம் என்று நான் வைத்திருக்கிறேன். கிரான் டூரிஸ்மோ 7-இல் பிரேக் பிடிக்கும்போது விரலுக்கடியில் எழும் எதிர்ப்புதான் இந்த ட்ரிகரின் உயிர். தூரத்தைக் குறைத்துவிட்டால் அது விளையாட இடமில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி அமைப்பைச் சேமித்து வைத்து, ஸ்டிக்குகளுக்குக் கீழே இருக்கும் சிறிய எஃப்என் பட்டனையும் முன்பக்க பட்டன் ஒன்றையும் சேர்த்து அழுத்தி, ஆட்டத்தை நிறுத்தாமலேயே மாறிக்கொள்ளலாம். ட்ரிகரின் தூரத்தை மட்டும் கையால்தான் தள்ள வேண்டும். அதை மறந்துவிட்டு பந்தயத்தில் இறங்கி, முதல் வளைவிலேயே நேராகச் சுவரில் போய் மோதிய அனுபவம் எனக்கு ஒருமுறைக்கு மேல் உண்டு.

பேட்டரியைப் பற்றித் தெரிந்தேதான் வாங்கினேன். சாதாரண டூயல்சென்ஸில் இருப்பது 1,560 மில்லி ஆம்பியர் மணி. எட்ஜில் 1,050 மட்டுமே. கழற்றும் மாட்யூல்களும் பின்பக்க பட்டன்களும் எடுத்துக்கொண்ட இடத்துக்கு பேட்டரி விலை கொடுத்திருக்கிறது. ஆகவே மாலை முழுவதும் உட்கார்ந்து ஆடுபவர்கள் கம்பியோடு பழகிக்கொள்ள வேண்டும். உடன் வரும் 2.8 மீட்டர் பின்னல் கம்பி சோபாவரை தாராளமாக எட்டுகிறது. அதன் முனையில் இருக்கும் உறை கன்ட்ரோலரில் பூட்டிக்கொள்வதால், குழந்தைகள் தடுக்கி விழுந்தாலும் இணைப்பு பிடுங்கிக்கொண்டு வராது. வயர்லெஸ் என்று சொல்லிக் காசு வாங்கிய பொருளுக்குக் கம்பியின் பெருமையைப் பேசுவது விந்தைதான். எனக்கு இதைவிடப் பிடித்தது, கன்ட்ரோலர் வரும் கெட்டியான பெட்டி. அதன் பின்புறம் திறப்பு ஒன்று இருப்பதால், கன்ட்ரோலரை உள்ளே வைத்தபடியே சார்ஜ் போடலாம். இரவு படுக்கப்போகும் முன் பெட்டியில் வைத்துக் கம்பியைச் சொருகுவது, இப்போது கொசுவத்தி கொளுத்துவதைப் போல ஒரு வழக்கமாகிவிட்டது. ஸ்டிக்குக்குள் தூசி போவதும் இதனால் குறையும். ஜன்னலைத் திறந்தால் தெருவே வீட்டுக்குள் வரும் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

எடை 325 கிராம். சாதாரண டூயல்சென்ஸ் ஏறத்தாழ 280 கிராம். எண்ணில் பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம், இரண்டாவது மணி நேரத்தில் மணிக்கட்டில் தெரியும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் நண்பரிடம் வாங்கி ஒரு நாள் மாலை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கைப்பிடியின் உட்புறம் சொரசொரப்பாக இருப்பதால், மே மாதத்து வியர்வையிலும் வழுக்குவதில்லை.

கணினியிலும் இது ப்ளூடூத் வழியாக இணைகிறது; கணினி கேம்களை விற்கும் தளமான ஸ்டீமும் இதை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால் ட்ரிகரின் எதிர்ப்பும் நுண்ணதிர்வும் பெரும்பாலான கணினி கேம்களில் கம்பியில் இணைத்தால்தான் வேலை செய்யும். கணினிக்கென்றே கன்ட்ரோலர் தேடுபவர்கள், யுஎஸ்பி துளையில் சொருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ டாங்கிளோடு வரும் ஒன்றை எடுப்பது மேல். கட்டளை போய்ச் சேரும் தாமதம் அதில் பொதுவாக ப்ளூடூத்தைவிடக் குறைவு. அந்த டாங்கிளை யுஎஸ்பி 3 துளைக்கு ஒட்டிச் சொருகாதீர்கள். அந்தத் துளைகளிலிருந்து கசியும் இரைச்சல் அதே அலைவரிசையில்தான் விழுகிறது. ஒரு குட்டை நீட்டிப்புக் கம்பி போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்தால், விட்டு விட்டு அறுபடும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் கால்பந்து ஆடுபவருக்கு எட்ஜ் தேவையே இல்லை. சாதாரண டூயல்சென்ஸ் போதும், தேய்ந்தால் சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளேஸ்டேஷனில் தினமும் உட்காருபவர், சுடும் விளையாட்டில் ஊறியவர், இதற்குமுன் டிரிஃப்ட்டால் ஒரு கன்ட்ரோலரையாவது பறிகொடுத்தவர் ஆகியோர் வாங்கலாம். வாங்கும்போதே ஒரு மாட்யூலையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும் அன்று அது கடையில் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். என்னுடைய உதிரி மாட்யூல் இன்னும் உறை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ரிச்சி தெருக்காரர் உயிர்கொடுத்த அந்தப் பழைய கன்ட்ரோலரும் நன்றாகவே ஓடுகிறது. அது இப்போது என் மகளுடையது.