எல்லா வீட்டிலும் ஓடும் வீடியோ: எம்பி4-ஆ, எம்கேவி-ஆ, எச்.265-ஆ?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கும்போதே கேள்வி வந்துவிடும்: “வீடியோ எப்போ கிடைக்கும்?” ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாகி, சனங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர் என்றும் பிரிந்து போனார்கள். தீமிதிக்கு வர முடியாதவர்களுக்கு அந்த வீடியோதான் திருவிழா. இந்த முறை அதைத் தொகுத்துப் பெண்ட்ரைவில் போட்டுக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எந்த வடிவத்தில் கொடுப்பது என்று பல சாதனங்களில் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். எம்பி4 கோப்பு, அதற்குள் எச்.264 வீடியோ, ஏஏசி சத்தம். மற்றவற்றை ஏன் விட்டேன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் தூக்குச்சட்டி மாதிரி. உள்ளே என்ன சாப்பாடு இருக்கிறது என்பது வேறு விஷயம். எச்.264, எச்.265, ஏவி1 என்பவைதான் படத்தைச் சுருக்கி வைக்கும் முறைகள், அதாவது கோடெக்குகள். “எம்பி4-தானே கொடுத்தேன், ஏன் ஓடவில்லை?” என்று கேட்பவர்களின் கோப்பில் பெரும்பாலும் உள்ளே எச்.265 இருக்கும். கோப்பின் பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து கோடெக் விவரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏவிஐ பற்றி அதிகம் பேச வேண்டாம். 1992-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. புதிதாகச் செய்யும் எதற்கும் அது தேவையில்லை. பழைய கைப்பேசிகளின் 3ஜிபி கோப்புகளும் அப்படித்தான், மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.

உண்மையான போட்டி எம்கேவிக்கும் எம்பி4-க்கும்தான். எம்கேவிக்கு நியாயமான பலங்கள் உண்டு. பல ஒலித்தடங்கள், பல வசன வரிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கிக்கொள்ளும். பதிவு நடக்கும்போது கோயில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால், அதுவரை பதிவானதை எம்கேவியில் பெரும்பாலும் பார்க்க முடியும். சாதாரண எம்பி4-இல் கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. நடுவில் அறுந்தால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம். அதனால் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் நேரலையைப் பதிவு செய்யும்போது நான் எம்கேவியில்தான் பதிகிறேன். பிறகு அதே மென்பொருளில் உள்ள ‘ரீமக்ஸ்’ வழியாக எம்பி4-ஆக மாற்றுகிறேன். படத்தை மறுபடி சுருக்காமல் சட்டியை மட்டும் மாற்றும் வேலை என்பதால் தரம் குறையாது, சீக்கிரமும் முடியும்.

ஆனால் பகிர்வதற்கு எம்கேவி சரிப்படாது. விண்டோஸ் 10 முதல் கணினியிலேயே ஓடும், பல டிவிகளும் ஏற்றுக்கொள்ளும். ஐபோனிலும் மேக்கிலும் விஎல்சி போன்ற செயலி இல்லாமல் திறக்காது. “ஒரு செயலி போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்வது எளிது. எழுபது வயதைத் தாண்டிய பெரியம்மாவுக்கு யார் போட்டுக் கொடுப்பது? பேரன் விடுமுறைக்கு வரும்வரை அந்த பெண்ட்ரைவ் அலமாரியில்தான் கிடக்கும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த இடம்தான். செயலியைப் பேரன் வந்து போட்டுக் கொடுக்கலாம். டிவிக்குள் இருக்கும் சிப்பை யாரும் மாற்றிப் போட முடியாது. கணினியில் கோடெக் ஓடவில்லை என்றால் மென்பொருளைப் போட்டுச் சமாளிக்கலாம், சிபியு கொஞ்சம் சூடானாலும் படம் ஓடும். டிவி, கார் பிளேயர், விலை குறைந்த டிவி பாக்ஸ் இவையெல்லாம் அப்படியல்ல. அந்தக் கோடெக்கை விரிக்கும் வசதி சிப்பிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு பட்டியலிலேயே வராது, அல்லது சத்தம் மட்டும் வரும், அல்லது படம் விட்டு விட்டு நகரும். எச்.264 தரம் 2003-இல் வெளியானது. அதற்குப் பிறகு பல ஆண்டுகளாக வந்த கைப்பேசி, டிவி, கணினி அநேகமாக எல்லாவற்றிலும் அதற்கான வசதி இருக்கிறது. எச்.265 வந்தது 2013-இல். பெரியம்மா வீட்டு டிவி ஏறக்குறைய அந்தக் காலத்தில் வாங்கியது. யுஎஸ்பி துளை இருக்கிறது, முழு எச்டி திரை இருக்கிறது, எச்.265 மட்டும் தெரியாது. தோட்டத்துப் பக்கம் டிவி நன்றாக ஓடும்வரை யாரும் மாற்றுவதில்லை, மாற்றவும் வேண்டியதில்லை. வீட்டிலேயே பழைய சாதனம் எதுவோ, அதற்கேற்பத்தான் நான் கோப்பைத் தயாரிக்கிறேன்.

எச்.264-லும் ஒரு பொறி உண்டு. ஏற்றுமதி செய்யும்போது நிற ஆழத்தை 10 பிட் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் பெரும்பாலான டிவி சிப்கள் அதைத் தொடாது. 8 பிட், ‘ஹை’ புரொஃபைல், லெவல் 4.0 அல்லது 4.1 என்று வைத்தால் 1080பி படத்துக்குத் தாராளம். சத்தத்துக்கு ஏஏசி ஸ்டீரியோ. டிடிஎஸ் என்ற இன்னொரு ஒலி முறையில் உள்ள சத்தத்தைச் சில டிவிகள் ஏற்பதே இல்லை. “தம்பி, படம் ஓடுது, சத்தம் வரலலா” என்று அழைப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எச்.265-க்காகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி அளவில் தர வேண்டும் என்ற இலக்கோடு உருவானது அது. பெண்ட்ரைவ் விஷயத்தில் இது சின்ன லாபமில்லை. பழைய டிவிகள் பல எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பெண்ட்ரைவை மட்டுமே படிக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இரண்டு மணி நேரத் திருவிழாவை வினாடிக்கு 5 மெகாபிட் என்று எச்.264-இல் போட்டால் 4.5 ஜிபி ஆகிவிடுகிறது. 4 மெகாபிட்டில் போட்டால் சத்தத்தோடு சேர்த்து 3.7 ஜிபி அளவில் அடங்கும். பூக்குழியில் இறங்கும் காட்சியில் புகை, நெருப்பு, கூட்ட அசைவு எல்லாம் இருப்பதால் 4 மெகாபிட்டில் கொஞ்சம் கட்டம் தட்டுகிறது. அதனால் கரகம், தீமிதி, அன்னதானம் என்று பிரித்துத் தனித்தனிக் கோப்பாகக் கொடுக்கிறேன். பார்ப்பவர்களுக்கும் தேவையான இடத்தைத் தேடுவது சுலபம்.

2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்களால் எச்.265-இல் பதிவு செய்ய முடிகிறது. உறவினர்கள் அனுப்பும் துண்டுகள் பாதி அப்படித்தான் வருகின்றன. பல விண்டோஸ் கணினிகளில் அவற்றைத் திறந்தால், ஸ்டோரில் சிறு தொகை கட்டி நீட்டிப்பு வாங்கச் சொல்லும். ஐபோனின் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவிட்டால் அடுத்த பதிவு முதல் எச்.264 ஆகிவிடும். திருவிழாவுக்கு முன்பே தம்பிமார்களிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது. 4கே வேண்டுமென்றால் எச்.265-தான் வசதி. வீட்டில் எல்லாமே புதிய சாதனங்கள் என்றால் நானே அதைத்தான் சொல்வேன்.

ஏவி1-ஐ நான் கொஞ்சம்தான் பயன்படுத்தியிருக்கிறேன், என் கணினியில் மட்டும். 2018-இல் வெளியான, உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்ட கோடெக். அளவு நன்றாகக் குறைகிறது, ஆனால் என் கணினியில் மாற்ற நேரம் பிடிக்கிறது. ஐபோன்களில் 15 புரோ முதல்தான் சிப்பிலேயே இதற்கு வசதி. பெண்ட்ரைவில் போட்டுக் கொடுக்க இன்னும் காலம் வரவில்லை.

மாற்றும் வேலைக்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், இலவசம். ‘ஃபாஸ்ட் 1080பி30’ முன்னமைப்பை எடுத்து, எம்பி4 என்று வைத்து, தர எண்ணை 22 அளவில் விட்டால் பெரும்பாலான படங்களுக்குச் சரியாக வரும். கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் மட்டும் சராசரி பிட்ரேட்டுக்கு, அதாவது வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று குறிப்பிடும் முறைக்கு, மாறுங்கள். வசன வரியோ பெயர்களோ தமிழில் போடுவதாக இருந்தால் படத்தோடேயே பதித்துவிடுங்கள். தனிக் கோப்பாகக் கொடுத்தால் பழைய டிவிகளில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாக வரக்கூடும்.

வீட்டில் பழைய கல்யாண விசிடிகள் இருப்பவர்களும் கேட்கிறார்கள். அவற்றில் இருப்பது எம்பெக்-1 என்ற பழைய கோடெக், படம் 352-க்கு 288 புள்ளிதான், கோப்புப் பெயர் .dat என்று முடியும். அதை 1080-ஆகப் பெரிதாக்கினால் கோப்புதான் பெருக்கும், முகம் தெளிவாகாது. அதே அளவில், அதே 25 ஃபிரேமில் எச்.264-க்கு மாற்றிக் கொடுங்கள். மூலக் கோப்பை அப்படியே இரண்டு வன்வட்டுகளில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். விசிடி தட்டில் கீறல் விழுந்திருந்தால், வேறொரு டிரைவில் போட்டும் ஒருமுறை முயன்று பாருங்கள். ஒன்றில் படிக்காத தட்டு இன்னொன்றில் படிப்பதுண்டு.