நாகமலைப் புதுக்கோட்டையில் ஆய்வேடு அச்சிட்ட கடை

என் ஆய்வு இசட்.எஸ்.எம்-5 என்ற சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த படிகப் பொருள்) வினையூக்கி பற்றியது. 1972-இல் மொபில் நிறுவனம் காப்புரிமை பெற்ற பொருள். இன்று பிளாஸ்டிக் கழிவை எரிபொருளாக்கும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இதுதான் வருகிறது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே வரைபடத்தில் 23 முதல் 25 டிகிரிக்குள் நெருங்கி நிற்கும் முகடுகள்தான் அதன் அடையாளம். டவுனில் ஒரு கடை அவற்றை ஒரே மைத்தீற்றலாக அடித்துக் கொடுத்தது. அழுகையே வந்துவிட்டது. ஆய்விதழ் நடுவரும் அதே படத்தைத் தெளிவில்லை என்று திருப்பியிருந்தார்.

நாகமலைப் புதுக்கோட்டைக் கடை அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “தம்பி, இதப் போட்டோவா ஒட்டியிருக்கீங்க. வரைபடம் போட்ட ஒரிஜின் சாஃப்ட்வேர்ல இருந்து பிடிஎஃப்பா எடுத்துட்டு வாங்க” என்றார். அப்புறம் ஒவ்வொரு முகடும் தனித்தனியாக, ஊசி முனை போல விழுந்தது. அந்தப் படத்தையே ஆய்விதழுக்கும் அனுப்பிவிட்டேன். பைண்டிங் பசை காய ஒரு ராத்திரி வேண்டும். முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.