மசாய் மாராவா, செரெங்கெட்டியா?

இரண்டும் ஆப்பிரிக்க வனவிலங்குக் காப்பகங்கள். ஒரே புல்வெளிதான், நடுவே எல்லைக்கோடு: மாரா கென்யாவில், செரெங்கெட்டி தான்சானியாவில். இருந்தும் எங்கே போவது என்று பலரும் தவிக்கிறார்கள்.

பரப்பு: மாரா சுமார் 1,500 சதுர கி.மீ.; செரெங்கெட்டி 14,763.

பயணம்: நைரோபியிலிருந்து மாராவுக்கு ஐந்தாறு மணி நேரச் சாலை. தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து செரெங்கெட்டிக்கு ஒரு பகல் போய்விடும்; வழியில் இங்கொரோங்கொரோ காப்புப் பகுதிக்கும் தனிக் கட்டணம்.

காலம்: மாராவுக்கு ஜூலை முதல் அக்டோபர். வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) கூட்டம் முதலைகளைத் தாண்டி ஆற்றைக் கடக்கும். கரையில் வண்டிகளும் நெருக்கியடிக்கும். செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளியில் பிப்ரவரியை ஒட்டி லட்சக்கணக்கில் வில்டபீஸ்ட் கன்றுகள் பிறக்கும். விழுந்த சில நிமிடங்களில் எழுந்து, தாயோடு ஓடத் தொடங்கிவிடும். சற்றுத் தள்ளிக் கழுதைப்புலி காத்திருக்கும். எனக்கு ஆற்றைவிட இந்தக் காட்சிதான் பெரிது.

சரி, நாலு நாள்தான் விடுப்பு என்றால் மாரா. ஒரு வாரம் இருந்தால் யோசிக்காமல் செரெங்கெட்டிக்குப் போங்கள்.